காகிதப் பாசியும் கைக்காசும்

போன மாதம் சாத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் நாலு நாள் தங்கிவிட்டு வருவது வழக்கம். உள்ளே நுழைந்தால் கூடம் முழுக்கக் காகிதத் துண்டு. அக்காவும் அவள் பேத்தியும் தரையில் உட்கார்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா, இதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடலையா?” என்றேன்.

“பாசி செய்றோம் தம்பி. ஓரமா உக்காரு, மிதிச்சுறாத” என்றாள்.

அக்காவுக்கு 70 தாண்டிவிட்டது. முழங்கால் வலி உண்டு. ஆனால் விரல்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. பிள்ளையார் படமும் மஞ்சள் தடவிய மூலையும் உள்ள பகுதியைக் கத்தரிக்காமல் தனியே எடுத்து வைத்திருந்தாள். மீதிக் காகிதம்தான் பாசிக்கு.

செய்முறை எளிது. பேரன் பேத்தி உள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். தாளை நீளமான முக்கோணங்களாக நறுக்க வேண்டும். அடிப்பக்கம் 2 சென்டிமீட்டர், நீளம் ஒரு முழுத் தாளின் நீளம். ஏ4 தாள் என்றால் ஒன்றைத் தலைகீழாக அடுத்ததோடு சேர்த்து வரைந்தால் 20 முக்கோணம் கிடைக்கும். அகலமான முனையை ஈர்க்குச்சியில் வைத்துச் சுற்றத் தொடங்க வேண்டும். ஒரு சுற்று வந்ததும் மீதித் துண்டில் பசை தடவி, இரண்டு பக்கமும் சமமாக வரும்படி இறுக்கிச் சுற்றி, கூர்முனையை ஒட்டிவிட வேண்டும். குச்சியை உருவினால் நடுவில் தடித்து இருபுறமும் ஒடுங்கிய பாசி கையில் இருக்கும். முக்கோணத்துக்குப் பதில் ஒரே அகலமான பட்டையைச் சுற்றினால் குழல் போல வரும். காய்ந்த பிறகு இரண்டு தடவை வார்னிஷ் பூசி, குச்சியில் செருகி, பழைய தெர்மோகோல் துண்டில் குத்தி உலர விட வேண்டும். வார்னிஷ் பூசாத பாசி வேர்வையில் ஊறிப்போகும்.

நான் கவனித்த ஒரு விஷயம். அவ்வளவு நீளத் தாளைச் சுற்றினாலும் வெளியே தெரிவது இரண்டு ஓரங்களும் கடைசிக் கூர்முனையும்தான். மற்றதெல்லாம் உள்ளே போய்விடும். அதனால் தாளின் நடுவில் என்ன படம் இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. ஓரத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அக்கா தாளைத் தேர்ந்தெடுத்தாள்.

“உனக்கு நம்ம வீட்டு வாசல் திரை ஞாபகம் இருக்கா?” என்று சுற்றிக்கொண்டே கேட்டாள்.

இருக்காதா?

எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தத் திரை தெரிந்திருக்கும். 1970-களில் பல வீடுகளில் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் தொங்கியது. பழைய காலண்டர் தாளைச் சின்னச் சின்னப் பட்டையாக வெட்டி, ஜெம் கிளிப்பின் மேல் சுற்றி ஒட்டி, கிளிப்போடு கிளிப்பைக் கோத்துச் சரமாக்கி, ஒரு கம்பில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஆறடி உயரத்துக்கு ஒரு சரத்துக்கு 60 கிளிப். ஒரு வாசலுக்கு 30 சரம். மொத்தம் 1,800 கிளிப். ஒவ்வொன்றையும் கையால் சுற்ற வேண்டும். காற்றடித்தால் சலசலவென்று சத்தம் வரும். ஆள் நுழைந்தால் தலையில் தட்டும்.

எங்கள் பக்கம் காலண்டருக்குப் பஞ்சமே இல்லை. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத்தொழில் பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று வருடப் பிறப்பில் வீட்டுக்கு ஏழெட்டு வந்துவிடும். சாமி படத்தை அக்கா தொடமாட்டாள். மலை, அருவி, குழந்தை படங்கள் எல்லாம் திரைக்குப் போய்விடும்.

1974-ல் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துச் சில வருடம் ஆகி வீட்டில் இருந்தாள். எனக்கு 16 வயது. எங்கள் வீட்டுத் திரையைப் பார்த்துவிட்டு, அடுத்த தெரு டீச்சர் ஒருவர் தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். சும்மா வேண்டாம், கூலி தருகிறேன் என்று முன்பணமும் கொடுத்தார். 20 ரூபாய் என்று நினைவு. அக்காவுக்கு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர ஆசை. மாதச் சம்பளம் கட்ட அப்பாவிடம் கேட்கத் தயக்கம். இந்தக் காசு கையில் வந்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அப்பா வந்தார். பருத்தி மண்டியில் கணக்கு எழுதியவர். நல்ல மனிதர்தான். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“நம்ம வீட்டுப் பிள்ளை கைவேலை செஞ்சு வித்துச்சுன்னு ஊருக்குள்ள பேசவா? தீப்பெட்டி ஒட்டுற வீடா இது?”

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதித் தெருக்களில் தீப்பெட்டிக் கூடு ஒட்டும் வேலை வீட்டிலேயே நடந்தது. குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. அம்மாவும் பிள்ளைகளும் விளக்கு வெளிச்சத்தில் பசையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் வருமானம் அவர்களுடையதைவிட அப்படி ஒன்றும் உயர்ந்ததில்லை. ஆனால் அந்தக் கோடு மட்டும் அவருக்கு முக்கியமாக இருந்தது. அவர்கள் கூலிக்கு ஒட்டுகிறார்கள், நம் வீட்டுப் பெண் பொழுதுபோக்குக்கு ஒட்டுகிறாள்.

காசைத் திருப்பிக் கொடுத்துவரச் சொன்னார். போனது நான்தான். டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, “அக்காவுக்கு முடியலையாம்” என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா டைப்ரைட்டிங் சேரவில்லை. அடுத்த வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. மூன்று வருடம் கழித்து நான் அதே டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அதை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது.

ஊர் திரும்பிய பிறகு இந்தக் காகிதப் பாசியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஏதோ நம் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த சிக்கன வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பெரிய சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்துக்கு 1712-ல் வரி போட்டார்கள். அப்போது அது பணக்காரர் வீட்டுப் பொருள். 1836-ல் அந்த வரி நீங்கியது. 1839-ல் லங்காஷயர் பகுதி டார்வன் ஊரைச் சேர்ந்த பாட்டர் நிறுவனத்தார் பல வண்ணங்களில் சுவர்க்காகிதம் அச்சடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1834-ல் அந்த நாட்டில் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் சுருள் தயாரானது, 1860-ல் ஏறக்குறைய 90 லட்சம் ஆயிற்று. விலை சரிந்து சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது. ஒட்டியது போக மிச்சத் துண்டுகள் வீட்டுக்கு வீடு கிடந்தன. அந்தத் துண்டுகளைப் பின்னல் ஊசியில் சுற்றிப் பாசியாக்கி, தேன்மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கி, நீளச் சரங்களாகக் கோத்து, அறைக்கும் அறைக்கும் நடுவில் திரையாகத் தொங்கவிட்டார்கள் என்று விக்டோரியா காலத்து வீட்டுக் கைவேலை பற்றிச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திரைதான் கண்முன் வந்தது. அங்கே சுவர்க்காகிதம், இங்கே சிவகாசிக் காலண்டர். மலிவாக அச்சான வண்ணக் காகிதம் வீட்டுக்குள் வந்து சேரும் இடத்தில் எல்லாம், அதைத் தூக்கி எறிய மனம் வராத ஒரு பெண் இருந்திருக்கிறாள்.

அதற்கும் முன்பே காகிதத்தைச் சுருட்டிச் செய்யும் வேலை அங்கே பெரிய இடத்துப் பெண்களின் பொழுதுபோக்காக இருந்தது. மெல்லிய பட்டைகளைச் சுருட்டி ஒட்டிப் பெட்டியும் கூடையும் அலங்கரிப்பார்கள். இப்போது நம் பெண் பிள்ளைகள் ஜிமிக்கி செய்யும் குவில்லிங் அதுதான். 1811-ல் ஜேன் ஆஸ்டின் எழுதி வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் அப்படி ஒரு காட்சி உண்டு. லூசி என்ற பெண் ஒரு பணக்கார வீட்டுக் குழந்தைக்காகக் காகிதக் கூடை செய்துகொண்டிருப்பாள். கதாநாயகி எலினோர் காகிதம் சுருட்டித் தருகிறேன் என்று பக்கத்தில் போய் உட்காருவாள். வேலை ஒரு சாக்குதான். இருவருக்கும் தனியே பேச வேண்டிய ரகசியம் இருக்கும். கைவேலையைச் சாக்காக வைத்துப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவது நம் திண்ணைகளிலும் நடந்ததுதானே.

அந்த நாவலைப் பற்றிய இன்னொரு தகவல்தான் என்னை நிறுத்தியது. முதல் பதிப்பின் முகப்பில் ஜேன் ஆஸ்டின் பெயர் இல்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பதிப்பில் அவருக்கு 140 பவுண்டு கிடைத்தது. புத்தகம் விற்கலாம், காசும் வாங்கலாம், ஆனால் பெயர் வெளியே தெரியக் கூடாது. கௌரவமான குடும்பத்துப் பெண் உழைத்துக் காசு வாங்குவதை அங்கேயும் கூச்சத்தோடுதான் பார்த்தார்கள். கூடை முடைந்து பரிசாகக் கொடுத்தால் பாராட்டு, விற்றால் குடும்பத்துக்குக் குறைவு.

காசில்லாமல் போனால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? அதற்காகவே 1872-ல் லண்டனில் ஒரு தையற்கலைப் பள்ளி தொடங்கினார்கள். பிறகு அதுவே ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் ஆயிற்று. நல்ல குடும்பத்தில் பிறந்து வழியில்லாமல் போன பெண்களுக்கு மரியாதையான சம்பாத்தியம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஸ்லோன் தெருவில் சிறிய இடத்தில் 20 பெண்களோடு ஆரம்பித்தார்கள். தலைமைக்கு விக்டோரியா ராணியின் மகள் ஹெலினா இளவரசியை வைத்தார்கள். இளவரசி தலைமை தாங்கினால்தான் ஊசி வேலைக்குக் கூலி வாங்குவது மரியாதை ஆகும் போலிருக்கிறது. எங்கள் அப்பா ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை என்று அப்போது தோன்றியது. உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கதையின் அடுத்த பாதி ஆப்பிரிக்காவில் நடக்கிறது. உகாண்டாவின் வடக்கே 1980-களின் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய 20 வருடம் உள்நாட்டுப் போர். ஜோசப் கோனியின் படை குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆச்சோலி இனத்தார் வாழும் பகுதியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அவர்களில் சிலர் தலைநகர் கம்பாலாவின் ஓரத்தில் ஒரு கல்குவாரியை அடுத்து வந்து குடியேறினார்கள். பெண்கள் வெயிலில் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைப்பார்கள். பக்கத்தில் பிள்ளைகளும் உடைப்பார்கள். பலருக்கு எச்.ஐ.வி. நோய்.

அந்தப் பெண்கள் சிலர் பழைய அச்சுக் காகிதத்தில் பாசி செய்தார்கள். வாங்க ஆளில்லை. 2004-ல் டார்க்கின் வேக்ஃபீல்டு, அவர் மகள் டெவின் ஹிபார்ட், தோழி ஜின்னி ஜோர்டான் என்ற மூன்று அமெரிக்கப் பெண்கள் அந்த வழியாகப் போனபோது, ஒரு பெண் பாசி சுற்றுவதைப் பார்த்துச் சில மாலைகள் வாங்கினார்கள். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து ‘பீட் ஃபார் லைஃப்’ என்ற அமைப்பு பிறந்தது. அமெரிக்காவில் வீட்டுக் கூட்டங்களில் மாலைகளை விற்று, பணத்தைக் கம்பாலாவுக்கு அனுப்பினார்கள். வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மருந்து எல்லாம் அந்தப் பாசியிலிருந்து வந்தன. முக்கோணம் அதே முக்கோணம்தான். சுற்றுவதும் அதே சுற்றுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்குகிறவர் கடல் தாண்டி இருக்கிறார். இந்த வருடம் பிடித்த மாலை அடுத்த வருடம் பிடிக்காமல் போகலாம். ஒரே கையை நம்பியிருந்தால் அந்தக் கை விலகும்போது மறுபடி குவாரிதான். அதனால் அந்த அமைப்பு பாசியை நிரந்தரத் தொழிலாக வைக்கவில்லை. குறிப்பிட்ட காலம் பாசி விற்றுச் சேமித்து, அதற்குள் கடை, கோழி வளர்ப்பு, தையல் என்று ஏதாவது ஒரு சொந்தத் தொழில் கற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். பாசி ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். இது யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

அதே பகுதியில் ரோஸ் புசிங்யே என்ற செவிலியர் நோயுற்ற பெண்களோடு வேலை செய்கிறார். அவரிடம் வரும் பெண்களும் காகித மாலை செய்து விற்றார்கள். அந்தப் பணம் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட உதவியது. அதைவிட ஒரு செய்தி என்னை உலுக்கியது. 2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் கத்ரீனா புயல் அழித்தபோது, கல் உடைத்து வயிறு கழுவிய இந்தப் பெண்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்து அங்கே அனுப்பிவைத்தார்கள். சம்பாதிக்கிற கைக்குத்தான் கொடுக்கவும் முடியும். தன் கையில் காசு பார்க்காத பெண் எதைக் கொடுப்பாள்?

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் மேல் பழி போடுவதில் பயனில்லை. அவர் காலம் அப்படி. ஆனால் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனது என் கால். அந்த வயதில் ஒரு வார்த்தை, “அக்கா செய்யட்டுமேப்பா” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாசலில் தொங்கிய திரை வெறும் அலங்காரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் மறுபடி சாத்தூர் போனேன். இந்தத் தடவை காரணத்தோடு. மருமகளுக்கு ஒரு மாலை வேண்டும் என்று கேட்டேன். சிவப்பும் தங்க நிறமும் கலந்த ஒன்றை அக்கா எடுத்துக் கொடுத்தாள். இருநூறு ரூபாயை நீட்டினேன்.

“போடா, உங்கிட்ட காசு வாங்கவா? சும்மா கொண்டு போ” என்றாள்.

“விலைக்குத்தான் கேட்டேன்க்கா. சும்மான்னா வேண்டாம்.”

பேத்தி சிரித்துக்கொண்டே, “வாங்கிக்கோ ஆச்சி. வார்னிஷ் டப்பா என்ன விலை தெரியுமா?” என்றாள்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பேத்தியின் நோட்டை வாங்கி, தேதி போட்டு, மாலை 1, ரூபாய் 200 என்று தானே எழுதினாள். கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது.

“அந்த டீச்சர் கொடுத்த அட்வான்ஸ் ஞாபகம் இருக்காக்கா? இருபது ரூபாய்” என்று மெதுவாகக் கேட்டேன்.

நோட்டை மூடாமலே சொன்னாள்.

“இருபத்தஞ்சு.”

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காபி போட எழுந்து போனாள்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ தங்கையோ வயர் கூடை, மணி பொம்மை, ஜெம் கிளிப் திரை என்று செய்திருப்பார்கள். அதில் ஒரு ரூபாயாவது அவர்கள் கைக்குப் போயிற்றா என்று இன்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கணக்கு நினைவிருக்கும்.